உப்பே போடலை என்று சொன்ன மூன்று வேளை

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கினோம். என் தோளில் ஒரு பை, என் கணவர் கையில் குடை, பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே எடை பார்க்கும் மெஷின். ரயிலில் நான் பெட்டியைத் திறந்தபோது எதிர் சீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். ஊருக்குப் போகிற இடத்தில் கூடவா எடை பார்ப்பீர்கள் என்று கேட்டார். பார்ப்போம். ஏழு மாதமாகத் தினமும் காலையில், பல் தேய்ப்பதற்கு முன்பே பார்க்கிறோம். என் கணவருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்துவிட்டது. உப்பு உள்ளே போனால் உடம்பில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால் மூச்சு முட்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும், சமையலில் உப்பைச் சேர்க்கவே கூடாது. டாக்டர் சொல்லியனுப்பியது இவ்வளவுதான். சொல்வது அவருக்கு எளிது. சமைப்பவள் நான்.

இந்த உடம்போடு தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் எதற்குப் போனீர்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அசனத்துக்குப் போனோம். தென்பக்கத்துச் சபைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்தில் ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் அசனம். பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வேகும். என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்தார். சென்னைக்கு மாறிய பிறகும் ஒரு அசனம் தவறவிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, அசனத்துக்குப் போகலாமா என்பதுதான். போய் வாருங்கள், ஒரு சோதனையாக வைத்துக்கொள்வோம், எடை ஏறாமல் திரும்பி வந்தால் வருஷா வருஷம் போகலாம், ஏறினால் இதுதான் கடைசி என்றார் டாக்டர். இவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

எனக்கு இருந்த ஒரே கவலை சாப்பாடு. அதற்கும் வழி இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ் உண்டு. பெயரை எழுதப் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மூன்று வேளையும் சாப்பிட்ட இடம், கல்யாணத்துக்குப் பிறகும் எனக்குக் காய்ச்சல் வந்தால் தூக்குவாளியில் ரசம் வந்த இடம். நான்கு நாளைக்கு முன்பே ஓனர் ராஜாமணியிடம் போனில் பேசிவிட்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியமும் ராத்திரியும் அவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகச் சமைக்க வேண்டும், ஞாயிறு மதியம் அசனப் பந்திக்கு ஒரு கேரியர் வர வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுவேன் என்றேன். ஃபிட்டர் அண்ணாச்சிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறோம் மதினி என்று ராஜாமணி கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது.

காலை 7.30. தங்கும் அறை ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். தரையில் ஓடு ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்ததால் மெஷினை மூன்று இடத்தில் மாற்றி வைத்துப் பார்த்தேன். 64.2 கிலோ. வீட்டில் பார்த்த அதே எடை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த உப்பில்லாத சப்பாத்தியை அவர் வாழைப்பழத்தோடு தின்று முடித்தார். எனக்கு ஊருக்கு வந்த சந்தோஷம் அப்போதுதான் வந்தது. ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. மேகம் பாதிவரை இறங்கி நின்றது.

மதியம் 12.45. மெஸ்ஸில் எங்களுக்கு ஃபேனுக்குக் கீழே இடம் போட்டிருந்தார்கள். எனக்குப் பொதுச் சாப்பாடு, 130 ரூபாய். அவருக்கு மட்டும் மூடி போட்ட மூன்று சின்ன எவர்சில்வர் பாத்திரங்களில் நாட்டுக்கோழிக் குழம்பு, பீர்க்கங்காய்க் கூட்டு, ரசம். ராஜாமணியே எடுத்து வந்து வைத்தார். நான் அவரை நிறுத்தி, உப்பு இல்லையே என்று கேட்டேன்.

“உப்பே போடல மதினி. கிட்டம்மா தனியா உலை வச்சுல்லா செஞ்சிருக்கா.”

கிட்டம்மா அந்த மெஸ்ஸின் சமையல்காரர். பல வருஷமாக அவர் கைதான் அங்கே ருசி. இருந்தாலும் என் புத்தி சும்மா இருக்குமா? குழம்பில் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் என் இலையில் இருந்த ஊறுகாயை வேறு நான் ஒரு கை பார்த்திருந்தேன். குழம்பு சப்பென்றுதான் இருந்தது. சரி, சொன்ன சொல் காப்பாற்றிவிட்டார்கள் என்று நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். அவர் ஜெபம் பண்ணிவிட்டு முதல் வாய் வைத்தார். வைத்தவர் கொஞ்ச நேரம் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறது என்றார். இரண்டாவது முறை சோறு வாங்கினார். ஏழு மாதத்தில் அவர் மறுசோறு கேட்டு நான் பார்க்கவில்லை. பரிமாறியவரிடம், சாப்பாடு பிரமாதம் என்று கிட்டம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

மாலை 4.00. பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். கோவில் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்தோம். அவர் அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு நிலையாக எண்ணினார், பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெயில் சாய்ந்து கோபுரத்தின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. பூக்கடைக்காரப் பெண் எங்களை மாலை வாங்கச் சொல்லி, பிறகு பொட்டில்லாத என் நெற்றியையும் கையில் இருந்த பைபிள் பையையும் பார்த்துவிட்டு, அப்படின்னா மல்லிகைப்பூவாவது வாங்குங்கக்கா என்றார். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே இரண்டு முழம் வாங்கினேன், அறுபது ரூபாய்.

சந்நிதித் தெருவில் ஒரு பால்கோவாக் கடைக்குள் போய், இதில் உப்பு உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் துடுப்பை வாணலியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாலும் சீனியும்தாம்மா, வேறு எதைப் போட்டாலும் கோவாவே ஆகாது என்றார். கால் கிலோ தொண்ணூறு ரூபாய். சூடாக இலையில் வைத்துக் கொடுத்ததை அவர் நின்றபடியே தின்றார். அவருக்கு வாய்க்கு ருசியாக ஒரு பண்டம் இந்த ஊரில் கிடைக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க விலை அதிகம் என்று கடைக்காரரிடம் வம்பு வளர்த்தேன்.

இரவு 7.30. மெஸ். இரண்டு சப்பாத்தி, மறுபடி அதே மூடி போட்ட பாத்திரத்தில் கோழிக் குழம்பு. உப்பு இல்லையே என்று மறுபடி கேட்டேன். சத்தியமாக இல்லை மதினி, எத்தனை தடவை கேட்பீர்கள் என்று ராஜாமணி சிரித்தார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. என் கணவர் மேலும் இரண்டு வாங்கி நான்கு சப்பாத்தி சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை 6.30. 65.1 கிலோ. ஒரே நாளில் தொள்ளாயிரம் கிராம். மெஷினை மறுபடி மூன்று இடத்துக்கு மாற்றினேன். எல்லா இடத்திலும் 65.1 என்றே வந்தது. ஒரு கிலோவுக்கு நூறு கிராம் குறைவுதானே, போன் செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரயில் அலுப்பு, பால்கோவா, நான்கு சப்பாத்தி என்று ஒவ்வொன்றின் மேலும் பழியைப் போட்டேன். மெஸ் மேல் சந்தேகம் துளியும் வரவில்லை. இன்று நினைத்தாலும் அதுதான் எனக்கு எரிகிறது.

காலை 8.00. வாடகைக் கார் எடுத்துப் பிளவக்கல் கிளம்பினோம். போய்வர 1,700 ரூபாய். டிரைவர் கணேசன் வன்னியம்பட்டிக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு குன்றைக் காட்டி, அதுதான் எங்கள் ஊர்த் திருவண்ணாமலை, மேலே பெருமாள் கோவில், புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் கார் ஓட்ட முடியாது, அம்புட்டுக் கூட்டம் என்றார். கிருஷ்ணன்கோவிலில் இடது பக்கம் திரும்பினால் வத்திராயிருப்பு வரை இரண்டு பக்கமும் வயலும் தென்னையும்தான். ராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. தண்ணீருக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. காற்று குளிர்ந்து வந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். இந்தப் பயணத்தில் எனக்கு முழுசாகப் பிடித்த இடம் அதுதான்.

கரைக்கு ஏறும் படியில் அவர் இரண்டு தடவை நின்றார். செருப்பு வார் இறுக்குகிறது என்று குனிந்து தளர்த்தினார். திரும்பி வரும்போது கணேசன் எங்கே சாப்பாடு என்று கேட்டார். மெஸ் பெயரைச் சொன்னேன்.

“ருசிக்குக் குறை சொல்ல முடியாதுக்கா. ஆனா அந்த ஓனர் யார் என்ன கேட்டாலும் ஆகட்டும்பாரு. முடியாதுங்கிற வார்த்தையே அவருக்குத் தெரியாது.”

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் 1.30. மூன்றாவது வேளை. அன்றும் கேட்டேன், உப்பில்லை என்ற அதே பதில்தான் வந்தது. அவர் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, வாசல் பெஞ்சில் காற்றாட உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “உப்பில்லாமலே இம்புட்டு ருசியா செய்யுதாவ பாரு. நீயும் எப்படின்னு கேட்டுக்கோயேன்.”

சுருக்கென்றது. ஏழு மாதமாக மிளகைக் கூட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, மல்லியை வறுத்து, புதினாவை அரைத்து நான் படாத பாடு பட்டிருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் அந்த வாசலிலேயே ஒரு கச்சேரி வைத்திருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வயிறு நிறைந்த முகம். போகட்டும், என் ரோஷத்தைவிட அவர் நாக்கு பெரிது என்று பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

கிட்டம்மா அப்போதுதான் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் முகமெல்லாம் பூரிப்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில் பேசும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுவார், எழுதுகிறவளுக்கு வசதியாகப் போயிற்று. சின்ன வெங்காயம் இருபது, நல்லெண்ணெயில் கருகாமல் வதக்க வேண்டும். மிளகும் சீரகமும் வெறும் சட்டியில் வறுத்து, தேங்காயோடு சேர்த்து அரைக்க வேண்டும். கோழியை மஞ்சளில் பிரட்டி அரை மணி வைக்க வேண்டும். இறக்குவதற்கு முன்னால் இரண்டு விரலால் கல்லுப்பு எடுத்துத் தூவி மூடிவிட வேண்டும்.

கல்லுப்பு என்று எழுதியும் விட்டேன். எழுதிய பிறகுதான் பேனா நின்றது.

நான் நிமிர்ந்து பார்த்ததைக் கிட்டம்மா பார்த்தார். கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். நான் சத்தம் போடவில்லை. என் சத்தம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன்.

“மொத நாளு உப்பில்லாமத்தான்க்கா செஞ்சேன். இறக்கி வச்சு ருசி பாத்தேன். என் கையால அப்படி ஒரு இலை போனதில்லக்கா. உசுரோட இருக்கிற மனுசருக்கு அதை எப்படி வைக்கச் சொல்லுவேன்? ஒரே ஒரு கல்லு போட்டேன். அண்ணாச்சி பிரமாதம்னு சொல்லி விட்டாவ. ராத்திரிக்கு ரெண்டு போட்டேன். இன்னைக்கு...”

இன்றைக்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஏம் சேசேதி, என்ன செய்வேன் என்று தெலுங்கில் தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு, ஓனரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், அவிய சரின்னுதான் சொன்னாவ என்றார். எனக்குக் கிட்டம்மா மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனாலும் அந்த அம்மா என்னிடம் ஒளிக்கவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னார்.

கல்லாவில் ராஜாமணி போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்துவிட்டு, அடுத்து நின்றவருக்குப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு என்ன மதினி என்றார். சொன்னேன்.

“ஒரு கல்லு உப்புதான மதினி. அதுல என்ன வந்துரப் போவுது. அவிய ரெண்டு வாய் நல்லாச் சாப்பிடட்டுமேன்னுதான்.”

“ஒவ்வொரு நேரமும் நான் கேட்டேன். சத்தியமா இல்லைன்னு சொன்னீங்க.”

“நீங்க நிம்மதியாச் சாப்பிடணும்னு சொன்னேன்.”

அவர் அதை மறைத்துச் சொல்லவில்லை. எனக்கு ஒரு உபகாரம் செய்ததாகவே சொன்னார். நான் டாக்டர் சொன்னதையும், எடையையும், மூச்சு முட்டினால் என்ன ஆகும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பார்சலுக்கு ரப்பர் பேண்ட் போட்டார். பக்கத்தில் நின்றவரிடம், மெட்ராஸுக்குப் போனதும் மதினியும் டாக்டர் ஆயிட்டாவ என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஆளும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். என் முகம் எப்படி இருந்ததோ, ராஜாமணியே சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“சரி விடுங்க. ராத்திரிக்கு வாங்க, நெசமாவே உப்பில்லாம போட்டுத் தாரேன்.”

நெசமாவே! அப்படியானால் இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் என்ன கணக்கு? உப்பு போட்டதைக்கூட நான் ஒரு நாள் மறந்திருப்பேன். இனிமேல் அந்த மனிதர் இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக் கேரியரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரு இலைக்காகவா இத்தனை வருஷப் பழக்கத்தை விடுவீர்கள் என்று பின்னாலிருந்து கேட்டார். நான் திரும்பவில்லை.

மாலை 3.15. அறையில் அவர் காலை என் மடியில் எடுத்து வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. டாக்டருக்குப் போன் போட்டேன். நீர் பிரியும் மாத்திரையை இன்று அரை மாத்திரை கூட்டிக் கொடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், படுத்தால் மூச்சு வாங்கினால் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெஸ்ஸில் நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

மாலை 6.00. உப்பில்லாத சாப்பாடு தேடி ராஜபாளையம் வீதிகளில் இறங்கினேன். ரொட்டியில் உப்பு, பிஸ்கட்டில் உப்பு, இட்லி மாவில் உப்பு, அவித்த கடலையில் உப்பு. மனிதர் தின்கிற எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒரு ஊரையே சுற்றி வந்து தெரிந்துகொண்டேன். ஒரு முக்கில் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் மாவில் உப்பு உண்டா என்று கேட்டேன். ஆவி பறக்கும் தட்டை இறக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“இருக்குக்கா. ஒங்களுக்கு ஆகாதுன்னா வாங்காதிய.”

ஒரு வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த ‘இருக்குக்கா’ எனக்கு மூன்று வேளைச் சாப்பாட்டைவிட ருசியாக இருந்தது. எனக்காக மூன்று இடியாப்பம் வாங்கிக்கொண்டேன், பத்து ரூபாய் வீதம். அவருக்கு இரண்டு அவித்த முட்டை, தயிர், வாழைப்பழம். முனகாமல் சாப்பிட்டார். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.00. 65.4. மூச்சு வாங்கவில்லை, ஆனால் செருப்பு ஏறவில்லை. என்னுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் சபைக் கோவிலுக்கு வந்தார். நான் வெறுங்காலோடு நடந்தேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை.

பகல் 12.30. ஆராதனை முடிந்து பந்தி. கோவில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே நான்கு வரிசை. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று சமைத்துக்கொண்டிருந்த சபைக்காரர்களிடம் போய் வடித்த சோற்றில் உப்பு உண்டா என்று கேட்டேன். சோற்றில் யார் போடுவார்கள், குழம்பில்தான் என்றார்கள். நான் விடாமல் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும். அவர் இலையில் வெறும் சோறும் நான் கொண்டுபோன தயிரும் ஒரு பழமும் வைத்தேன். எங்களுக்கு இரண்டு பக்கமும் கறிக்குழம்பு வாளி போய்க்கொண்டிருந்தது. மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்து தோளில் தட்டி, என்ன அண்ணாச்சி தயிர்ச்சோறு என்று விசாரித்தார்கள். அவர் எல்லாருக்கும் சிரித்தார். வாளி நான்காவது இலையைத் தாண்டியபோது, என்னைப் பார்க்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“மொத வாய்லயே தெரிஞ்சுது.”

எது என்று கேட்கத் தேவையில்லை. 

“ஏழு மாசம் கழிச்சு நாக்குல ஒரு கல்லு விழுந்தா தெரியாதா? சொன்னா நீ நிறுத்திருவ. அதான் சொல்லல.”

பந்தியில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கே இருந்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! அங்கே ஒருவர் உப்பே போடவில்லை என்று என்னிடம் பொய் சொன்னார், இங்கே ஒருவர் மறுசோறு வாங்கி அந்தப் பொய்யைச் சாப்பிட்டார், நடுவில் நான் நோட்டும் பேனாவுமாகச் சமையல் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறேன். என்னை வைத்து இரண்டு பேரும் விளையாடியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் இந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்று டாக்டரிடம் கெஞ்சியவர் இவர்தானா என்று தோன்றியது. கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அடுத்த வருஷத்தை மூன்று வேளைக் குழம்புக்கு விற்றுவிட்டீர்களே என்றேன். அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, நான் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

மாலை ரயிலில் ஏறினோம். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது. ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்வரை கோபுரம் தெரிகிறதா என்று அவர் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. நல்ல ஊர், நல்ல மனிதர்கள், சந்தேகமில்லை. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு அது சுகம். நோயாளியை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இடியாப்பம் விற்கிற அந்தப் பெண்ணைப் போல ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். நான் எழுத நினைத்த பயணக் குறிப்பு இவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து நேராக டாக்டரிடம் போனோம். அங்கே எடை 64.9. எல்லாவற்றையும் நானே சொன்னேன், அவர் தெரிந்தே சாப்பிட்டதையும் சேர்த்து. டாக்டர் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். அடுத்த வருஷத்தைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம் என்றார். இந்தத் தடவை என் கணவர் கெஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்தேன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு ஒரு சாம்பார், எப்போதும் போல உப்பில்லாமல். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்கிற எண்ணமே இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டவர் கையை நிறுத்தினார்.

“சப்புன்னு இருக்குட்டி. வாயில வைக்க முடியல.”

நோய் வந்ததிலிருந்து என் சமையலைப் பற்றி அவர் இப்படி உள்ளதை உள்ளபடி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருக்கத்தான் செய்யும், சாப்பிடுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டைக் காலி பண்ணினார். அன்று மதியம், அவருடைய மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காமல், ஏழு மாதத்தில் முதல் தடவையாக நான் அசந்து தூங்கினேன்.